நொய் அக்காவின் கடையில் மூடி வைத்த கிண்ணம்

1

போன சனிக்கிழமை எங்கள் மூத்த பிள்ளை யெனியின் பிறந்தநாள். அவள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருக்கிறாள். நானும் அவளுடைய அம்மா றீற்றாவும் தம்பி யூட்டும் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறோம். பிறந்தநாள்காரி இல்லாமல் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் இங்குள்ள தாய்லாந்துக் கடைக்குப் போனோம். அங்கே இருந்து போன் எடுத்தபோது யெனி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஓ.எல். சோதனை எழுதாமலே கடலுக்குப் போனவன். எழுத்துப் பிழை இருக்கும். யெனி முன்பள்ளி ரீச்சர், அவள் திருத்திக்கொள்ளட்டும். இதை என் இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். எங்கள் ஊர் ஒழுங்கையில் அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனுக்குக் காத்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கலாம். உங்கள் அப்பாமார் போனில் சொல்லாத சில கதைகள் இதில் இருக்கும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சாப்பாட்டுக் கதைதான்.

2

இங்கே எனக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. குருநகரில் மீன் பிடித்தவன் இங்கே வேறு யாரோ பிடித்து வந்த மீனை வெட்டுகிறேன். கடல் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. நான் உள்ளே வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி நிற்கிறேன்.

வந்த புதிதில் சாப்பாடுதான் பெரிய தண்டனை. அவித்த மீன், அவித்த உருளைக்கிழங்கு, உருக்கின பட்டர். உப்பைக்கூடக் கேட்டு வாங்க வேண்டும். இவர்களிடம் கபில நிறத்தில் ஒரு சீஸ் இருக்கிறது. பாணில் வைத்துக் கடித்தால் இனிக்கும். முதல் நாள் கடித்துவிட்டு, இது பழுதாகிப் போய்விட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து இறங்குதுறைப் பக்கமாக நடந்து வந்தேன். முன்பு சப்பாத்துக் கடையாக இருந்து பூட்டிக் கிடந்த இடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்திருந்தது. கதவை யாரோ திறந்தார்கள். காய்ந்த மிளகாய் வறுபடும் நெடி வந்து மூக்கில் அடித்தது. தும்மல் வந்தது. தும்மின பிறகு கண்ணீரும் வந்தது. நெடியால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நாலைந்து மேசை. காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மனுஷனின் படம். படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு. அதற்குப் பக்கத்தில் ஒரு கிளாஸில் சிவப்புச் சோடா. அடுப்படியில் இருந்து குள்ளமாக ஒரு பெண் வந்தாள். என்னை விடக் கொஞ்சம் மூத்தவள். பெயர் நொய். தாய்லாந்துக்காரி. இந்த ஊர்க்காரரைக் கலியாணம் செய்து வந்தவள். அன்றைக்கே நான் அவவை மனதுக்குள் நொய் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

எனக்கு அப்போது நோர்வே பாஷை வராது. மெனுவில் இருந்த ஒரு படத்தில் விரலை வைத்தேன். வந்தது ஒரு சூப். பிள்ளைகளே, அதை நான் எப்படிச் சொல்ல? புளிப்பும் உறைப்பும் ஒன்றாக ஏறுகிறது. இறால், கணவாய், மீன் துண்டு. எலுமிச்சம்புல் வாசம். எங்களுக்குச் சளி, தடிமன் வந்தால் கசாயத்துக்கு அவிக்கிற சித்தரத்தை மாதிரி ஒரு கிழங்கைத் தட்டிப் போட்டிருந்தார்கள். அதற்குள் கருவாடு காயும் கரையின் மணமும் எங்கேயோ ஒளிந்திருந்தது. அது மீனைப் புளிக்க வைத்து வடிக்கிற ஒரு தண்ணி என்று பிறகு தெரிந்தது. எங்கள் கூழில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

கரண்டியை வைக்கப் போன கை தானாக நின்றது. பக்கத்தில் ஒரு வெறும் கிண்ணம் இருந்தது. முதல் இரண்டு அகப்பையை அதில் எடுத்து ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினேன். பிறகுதான் நான் குடித்தேன்.

குருநகர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போயிருந்தால், சமைத்ததும் அவருக்கு முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்போம். கடல் பங்கு என்று சொல்லுவோம். அவர் வந்தால் அவர் சாப்பிடுவார். வராவிட்டால் விடிய வீட்டில் கடைசிப் பிள்ளை சாப்பிடும். கொட்டக் கூடாது. அந்த மனுஷன் திரும்பி வரமாட்டான் என்று வீடு ஒத்துக்கொண்ட பிறகுதான் பங்கு வைப்பதை நிறுத்துவார்கள். அதுவரைக்கும் மூடின கோப்பை இருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

கடலுக்குப் போனவன் நான்தான். ஆனால் எனக்கு இங்கே வைப்பதற்கு யாரும் இல்லை. அதனால் நானே உங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவுக்கும் வைத்தேன்.

3

அதற்குப் பிறகு சம்பளம் வரும் வாரமெல்லாம் அங்கே போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் மூடி வைத்தேன். போகும்போது அதை ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு போவேன், விடிய வேலைக்கு முதல் குடிப்பேன். இந்த வீட்டில் கடைசிப் பிள்ளையும் நான்தான்.

அந்தப் படத்துக்கு முன்னால் இருந்த சோற்றுக் கிண்ணம் எனக்குப் பெரிய ஆறுதல். நொய் அக்காவும் எங்கள் ஆள்தான், அவவின் புருஷனும் கடலுக்குப் போயிருக்கிறார், அவருக்குப் பங்கு வைக்கிறா என்று நினைத்தேன். இங்கே படகுகள் பனிக்கடலுக்குள் போனால் வரக் கனநாள் ஆகும். காற்று ஊளையிடும் நாட்களில் செபமாலை சொல்லும்போது அந்த வெள்ளைக்கார மனுஷனுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லுவேன்.

ஒரு நாள் நொய் அக்கா என் மூடின கிண்ணத்தைக் காட்டி, "யாருக்கு?" என்று கேட்டா. எனக்கு அப்போது கொஞ்சம் பாஷை வந்திருந்தது.

"மனைவிக்கு. பிள்ளைகளுக்கு."

"எத்தனை வருஷம்?"

"நாலு வருஷம்," என்றேன். நான் உங்களைப் பார்த்து அவ்வளவு காலம்.

நொய் அக்கா இரண்டு கையையும் கூப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனா. அன்று முதல் என் மேசைக்கு ஒரு சின்ன ஓர்க்கிட் பூவும் வரத் தொடங்கியது. மற்ற மேசைகளுக்கு அது வருவதில்லை. அடிக்கடி வருகிற ஆள் என்று மரியாதை செய்கிறா போல என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருக்கும்போது றீற்றா வீடியோவில் வந்தா. சூப்பைக் காட்டு என்றா. நான் போனைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தேன். நொய் அக்கா தட்டோடு அந்தப் பக்கம் வந்தவ.

"யார் இது?"

"என் மனைவி."

தட்டு கீழே விழுந்தது. நொய் அக்கா சுவரோடு ஒட்டி நின்றா.

"ஆரப்பா உந்த மனுசி?" என்று போனுக்குள் இருந்து றீற்றா கத்தினா. "ஏன் என்னைப் பேயைக் கண்ட மாதிரிப் பாக்கிறா? நீங்கள் என்னைப் பற்றி அங்கை என்ன சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையப்பா!"

"ஓமோம். ஒண்டும் சொல்லாமல்தான் கோப்பை உடையுது."

நொய் அக்காவைக் கதிரையில் இருத்தித் தண்ணி கொடுத்துக் கேட்டபோதுதான் விளங்கியது. அவர்களுக்கு, சாப்பாட்டில் எடுத்து வைப்பது செத்தவர்களுக்கு. நான் நாலு வருஷத்துக்கு முதல் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரேயடியாகப் பறிகொடுத்தவன் என்று அவ நம்பியிருந்தா. சண்டை நடந்த நாடு என்று கேள்விப்பட்டிருக்கிறா. பூ அதற்குத்தான்.

மெதுவாகத் திரும்பிக் காசு மேசைக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"அப்படியென்றால் உங்கள் புருஷன்? எந்தப் படகில் போனவர்?"

"படகா?" நொய் அக்கா விளங்காமல் பார்த்தா. "அவர் பஸ் ஓட்டினவர். தேவாலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்திருக்கிறோம்."

நான் அந்த மனுஷனுக்குக் காற்றுக்கும் அலைக்கும் வேண்டிச் சொன்ன மந்திரங்கள் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. நொய் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவ சிரித்தா. சிரிக்கச் சிரிக்க அழுதா. நானும் அப்படித்தான்.

றீற்றாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது முதலில் சிரிப்பு, பிறகு கோபம். "உயிரோடை இருக்கிற எனக்குப் பூ வைச்சுக் கும்பிட்டிருக்கிறா! என்ரை பிள்ளையளுக்கும் சேர்த்து!" என்றா. உடனே யெனியைக் கோயிலுக்கு அனுப்பி ஒரு மெழுகுதிரி கொளுத்துவித்ததும் தெரியும்.

அடுத்த முறை நான் போனபோது பூ இல்லை. அதற்குப் பதிலாக, கிண்ணத்துக்கு அளவான ஒரு மூடி இருந்தது. பீங்கான் மூடி, நீலக் கரை போட்டது.

"செத்தவர்களுக்குத் திறந்து வைப்போம்," என்றா நொய் அக்கா. "உன் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். நீ மூடி வை. சூடு ஆறாது."

4

இனிச் சொல்லப் போவது அலுவலகக் கதை. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீட்டிச் சொன்னாலும் முடிவு மாறாது.

என்னுடைய அகதி வழக்கு இழுபட்டது. இல்லை என்றார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள், பிறகு ஓம் என்றார்கள். குடும்பத்தைக் கூப்பிடலாம் என்ற உரிமை என் கைக்கு வந்தபோது யெனிக்குப் பதினெட்டு தாண்டியிருந்தது. இங்கே சட்டத்தில் பதினெட்டோடு பிள்ளை பிள்ளை இல்லை. அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள். இரண்டு தடவை எழும்பிப் போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "மனைவி, மகன்," என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினாள். நான் மூன்று விரலைக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு அலுவலகம் இருக்கும் அந்தப் பெரிய ஊரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாய்லாந்துக் கடை இருப்பதைக் கண்டேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அங்கே சூப் இனிக்கும். வெள்ளைக்காரருக்காகத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்திருக்கிறார்கள். குடித்து முடித்த பிறகுதான் பங்கு எடுத்து வைக்காதது ஞாபகம் வந்தது. அந்தக் கடையில் மூடியும் இல்லை.

இரவு யெனிதான் முதலில் கதைத்தாள்.

"அம்மாவும் தம்பியும் வரட்டும் அப்பா. நான் சின்னம்மாவோடை நிப்பன். எனக்கு இஞ்சை வேலை இருக்குத்தானே."

"உன்னை விட்டிட்டு நான் எப்பிடிப் பிள்ளை போறது?" என்று பின்னால் றீற்றாவின் குரல்.

"அவனுக்கும் பதினெட்டு வந்திடுமம்மா. பிறகு ரெண்டு பேரும் இஞ்சைதான் நிக்க வேணும். போங்கோ. ஒருத்தராவது அப்பாவோடை இருக்க வேணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் தாயின் கையில் ஒரு பார்சலைக் கொடுத்தாளாம். ஒடியல் மா. இரண்டு பையில் கட்டி, ஒட்டி, மேலே "அப்பாவுக்கு" என்று எழுதியிருந்தாள்.

5

றீற்றாவும் யூட்டும் வந்து இறங்கின முதல் சனிக்கிழமையே நொய் அக்காவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நொய் அக்கா றீற்றாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தா, உண்மையான ஆள்தானா என்று பார்ப்பது மாதிரி.

றீற்றா சூப்பை ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாவங்கள், ஒடியல் மா போட மறந்து போட்டினம்."

அந்த இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ஆனால் ஒரு மாதத்தில் றீற்றா அந்த அடுப்படிக்குள் நிற்கிறா. நொய் அக்கா பச்சைப் பப்பாசிக்காயைச் சீவி, உரலில் போட்டு, பச்சை மிளகாயும் காய்ந்த இறாலும் வறுத்த கச்சான் கடலையும் சேர்த்து இடிப்பா. றீற்றா பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு மிளகாய் போடணை," என்று தமிழிலேயே சொல்லுவா. நொய் அக்கா போடுவா. இதெல்லாம் எப்படி விளங்குகிறது என்று எனக்குத் தெரியாது. கோடையில் விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வான் வண்டியில் இரண்டு தாய்லாந்துச் சகோதரிகள் நூடில்ஸ் பொரித்து விற்பார்கள். அங்கேயும் போவோம். புல்லில் இருந்து சாப்பிடுவோம். பார்க்கிறவர்கள் எங்களையும் தாய்லாந்துக்காரர் என்று நினைப்பார்கள். நான் திருத்துவதில்லை.

யூட்டுக்குப் பஸ் நிலையத்துக் கடையின் இனிப்புச் சூப்தான் பிடித்தது. "இதுதான் ஒறிஜினல் அப்பா, நொய் அன்ரியின்ரை சும்மா உறைப்பு," என்றான். அவன் பாஷையைப் பிடித்த வேகத்தில் நாங்கள் அவன் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அலுவலகம் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் அவன்தான் கதைக்கிறான். எங்களைப் பற்றி அவர்களோடு கதைத்துவிட்டு எங்களிடம் ஒரு வரி சொல்லுவான். அவர்கள் ஒரு பக்கம் நிறையக் கதைத்திருப்பார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் என் குடும்பம் என்று எழுதச் சொன்னார்களாம். அவன் எழுதினதை றீற்றா என்னிடம் காட்டினா. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. அப்பா, அம்மா, நான்.

"அக்கா எங்கையடா?" என்று கேட்டேன்.

"வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டுதான் கேட்டவை."

"அது சரி. எண்டாலும்..."

"சட்டப்படி சரிதானே அப்பா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நொய் அக்காவின் கடையில் நான் தொடர்ந்து பங்கு வைத்தேன். இப்போது அது யெனிக்கு மட்டும். நீலக் கரை மூடி. ஒரு நாள் யூட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

"நீங்கள் பிழையாச் செய்யிறியள் அப்பா. கடலுக்குப் போனது நாங்கள். அக்கா கரையிலைதான் நிக்கிறா. அவதான் எங்களுக்கு எடுத்து வைக்க வேணும்."

"வைப்பாள். வைக்காமல் இருப்பாளே," என்றா றீற்றா.

எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. நான் வெளிக்கிட்ட நாளில் இருந்து அந்த வீட்டில் எனக்குப் பங்கு வைத்தது யெனிதான். தாய் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். சோறு பிட்டு எதுவானாலும் முதல் அகப்பை அப்பாவுக்கு. விடிய யூட் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவான். நான் இல்லாத வருஷமெல்லாம் என் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன்.

6

இனிப் போன சனிக்கிழமை.

யெனிக்குக் கூழ் என்றால் உயிர். அவள் தந்த ஒடியல் மாவில் கடைசியாக ஒரு பிடி மிச்சம் இருந்தது. றீற்றா அதைக் கொண்டுபோய் நொய் அக்காவின் அடுப்படியில் கரைத்தா. நண்டு, இறால், கணவாய், புளி, மிளகாய் எல்லாம் நொய் அக்காவின் பானை. மா எங்கள் பனை. நொய் அக்கா குடித்துப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா. இங்கே பின்னேரம் தொடங்கும் நேரம், ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம் என்று போனை எடுத்து, தண்ணிச் சாடியில் சாத்தி வைத்தேன்.

முதலில் வந்தது றீற்றாவின் தங்கச்சி பவுலின். யெனிக்குச் சின்னம்மா. அவவுக்கு வாய் நிற்காது.

"பிறந்தநாள் பிள்ளை இஞ்சைதான் இருக்கிறா. சாப்பிட இருந்திட்டா. என்ன கூழோ? எங்களுக்கு இல்லையோ? சரி சரி, குடியுங்கோ குடியுங்கோ."

பவுலின் போனைத் திருப்பினா. யெனி சிரித்தாள். மேசையில் அவளுடைய கோப்பை, சின்னம்மாவின் கோப்பை. வேறு ஒன்றும் இல்லை. நான் கண்ணால் தேடினேன். அடுப்பு மேடை, ஜன்னல் ஓரம். மூடின கோப்பை ஒன்றும் இல்லை.

"மகள், எங்கடை பங்கு எங்கை?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

யெனி தலையைக் குனிந்தாள். பவுலின் பேசினா.

"அவள் இப்ப வைக்கிறேல்லை அத்தான். அக்காவும் யூட்டும் வெளிக்கிட்ட அண்டையோடை நிப்பாட்டிப் போட்டாள். நானும் சொல்லிப் பார்த்திட்டன்."

"ஏன் பிள்ளை?" என்றா றீற்றா. குரல் மாறியிருந்தது.

யெனி கோபப்படவில்லை. முன்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"பங்கு வைக்கிறது திரும்பி வாற ஆக்களுக்குத்தானே அம்மா. அப்பா தனியப் போயிருக்கேக்கை வருவார் எண்டு வைச்சனான். இப்ப நீங்களும் தம்பியும் போட்டியள்." பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் இனித் திரும்பி வாறியளே?"

பிள்ளைகளே, இதுதான் அந்தக் கேள்வி.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எல்லா அப்பாமாரும் அப்படித்தான் சொல்லுவோம். அடுத்த வருஷம், வழக்கு முடியட்டும், விசா வரட்டும், லீவு வரட்டும். எனக்கும் அது வாய்க்குள் வந்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் யூட் இருந்தான், காற்பந்துக் குழுச் சட்டையோடு, இந்த ஊர்ப் பிள்ளையாக. அவனை இழுத்துக்கொண்டு திரும்பி வருவேனா? அவளை இங்கே கொண்டுவர முடியுமா? இரண்டும் இல்லை. அந்த ஓமை விழுங்கிவிட்டேன். றீற்றா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

நொய் அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அவவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரையில் இருந்தது யெனி என்று மட்டும் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கையால் கேட்டா. அவர்களும் எங்களைப் போலத்தான், ஆளைக் கண்டால் முதல் கேள்வி அதுதான்.

"ஓம்," என்றாள் யெனி. கோப்பையில் இன்னும் கை வைக்கவில்லை. பிறகு, "நாளைக்குக் கதைக்கிறன் அப்பா. கூழ் ஆறப் போகுது, குடியுங்கோ," என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் குடித்தோம். நல்ல கூழ். அதையும் சொல்லத்தான் வேண்டும். துக்கத்தில் இருக்கும்போதும் நாக்குக்கு ருசி தெரிகிறது, அது எவ்வளவு வெட்கம்.

எழும்பும்போது நொய் அக்கா நீலக் கரை மூடி போட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. நான் அன்றைக்கு எடுத்து வைக்கவில்லை. வைக்கக் கை வரவில்லை. அவவே எடுத்து வைத்திருக்கிறா. மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இருக்கிறது," என்றா.

7

யெனி, இனி உனக்கு மட்டும்.

அந்தக் கிண்ணத்தை மூடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் சாப்பிடக் கூடாது, கடைசிப் பிள்ளை நான் இல்லை. கொட்டவும் கூடாது. தம்பி சாப்பிட மாட்டான், அவனுக்கு இனிப்புச் சூப் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிய நான் எழும்பி வரும்போது குசினியில் வெளிச்சம் இருந்தது. உன் தம்பி மேசையில் இருந்தான். கூழைச் சூடாக்கக்கூட இல்லை. உறைந்து போய் இருந்ததைக் கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உறைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

"என்னடா செய்யிறாய்?"

"அக்கான்ரை பங்கு," என்றான். "வேறை ஆர் சாப்பிடுறது?"

உன் அம்மாவும் எழும்பி வந்து கதவில் நின்றா. நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்ன வயதில் என்னுடைய பங்கைச் சாப்பிட்டான். இப்போது உன்னுடையதைச் சாப்பிடுகிறான். அந்தப் பிள்ளை நான் வெளிக்கிட்டதில் இருந்து வராத ஆட்களின் சோற்றைச் சாப்பிட்டே வளருகிறது.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, மகள். பங்கு வை என்றும் நான் உன்னிடம் கேட்க மாட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. நாங்கள் இங்கே வைக்கிறோம், அதை மட்டும் தெரிந்துகொள். வருகிற சனிக்கிழமையும் போவோம். உன் மா முடிந்துவிட்டது, இனி நொய் அக்காவின் வெறும் சூப்தான்.

தம்பி அன்றைக்குக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். கழுவினான். மூடியையும் கழுவித் துடைத்து, உடையாமல் இருக்கத் தன்னுடைய பள்ளிக்கூடத் துவாயில் சுற்றி வைத்தான், நொய் அக்காவிடம் திருப்பிக் கொண்டுபோக.